வாழைப்பழ டிரெஸ்ஸர்

காலையில் எழுந்ததும் ‘வாழைப்பழம்’ என்று உரக்கச் சொல்லாமல் ஒருவரும் வேலைக்குப் போக முடியாத ஓர் இடத்தில் நான் குடியிருந்திருக்கிறேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இல்லை. கப்பலேறிப் பிழைக்க வந்த எங்களுக்காகக் கிள்ளான் ஆற்றோரம் கட்டியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயம். ஒரே நீளக் கூரை, அதற்குக் கீழே வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். முதல் அறையில் ஒருவன் தும்மினால் கடைசி அறையிலிருந்து ‘நூறாயுசு’ என்று குரல் வரும். நான் அப்போது ரயில் பெட்டிகளுக்குச் சாயமடிக்கிற பெயின்டர். பெண் பார்க்கப் போனபோது ‘ரயில்வேயில் எழுத்து வேலை’ என்று சொல்லித்தான் மரகதத்தைக் கட்டினேன். பொய்யில்லை. பெட்டியின் நெற்றியில் நம்பர் எழுதுவதும் எழுத்து வேலைதானே.

முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. லயத்தில் குளிர்காய்ச்சல் ஒரு குடித்தனக்காரனைப் போல நிரந்தரமாகத் தங்கியிருந்தது. அதற்காகச் சுகாதார இலாகாவிலிருந்து ஒரு டிரெஸ்ஸர் வந்தார். டிரெஸ்ஸர் என்றால் டாக்டருக்குக் கீழே, மற்ற எல்லோருக்கும் மேலே. வேலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் தகரக் குவளையில் கொயினாத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். வேப்பெண்ணெயே மேல் என்று நினைக்க வைக்கும் கசப்பு. குடித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று பார்த்தால் முடியாது.

“வாயைத் திறவும்.”

திறந்தால், “நாக்கைத் தூக்கும்.”

தூக்கினால், “எனக்கு நம்பிக்கை வரேல்லை. வாழைப்பழம் எண்டு சொல்லும் பாப்பம்.”

யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஊர்க் கொசு அவர் வாயில் ‘நுளம்பு’ ஆகிவிடும். எந்த மகராசன் அவருக்கு இந்த வாழைப்பழச் சோதனையைச் சொல்லிக் கொடுத்தானோ, கொயினாவை வாயில் அடக்கிக்கொண்டு ‘வாழைப்பழம்’ என்று மட்டும் சொல்லவே முடியாது. நாக்கு மேலே மடிகிற நேரத்தில், அடக்கி வைத்தது அத்தனையும் மோவாயில் வழிந்துவிடும். நானும் முயன்று பார்த்தவன்தான். சட்டை நனைந்தது. அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் குவளையை மறுபடி நிரப்பி, “பெயின்டருக்கு இன்னுமொரு வாழைப்பழம்,” என்றார். அன்றைக்கு நான் குடித்தது இரட்டைப் பங்கு. காது இரண்டிலும் நாள் முழுக்க எக்ஸ்பிரஸ் ரயில் ஓடியது. ரயில்வேக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வாயை எல்லாம் திறக்கச் சொன்னாரே தவிர, தன் விஷயத்தில் அவர் வாயைத் திறந்ததில்லை. வாழைப்பழ டிரெஸ்ஸர் என்று சொன்னால்தான் பிரிக்பீல்ட்ஸில் தெரியும்.

இப்படி ஒரு சந்தேகப் பிராணியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மூலையிலிருந்த முஸ்லிம் காக்கா கடையில் தேநீர் கேட்டால் தண்ணீர் கொதிப்பதை எட்டிப் பார்த்த பிறகுதான் உட்காருவார். கொடுத்த இளநீரைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். மழை பெய்து ஓய்ந்த பிறகும் குடையை விரித்து, வானத்தை ஒரு தடவை பார்த்து, மனசில்லாமல் மடக்குவார். எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை, தனியாக இருக்கிற மனிதர் தன் சொந்த அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார்.

“உள்ளே யாருங்க இருக்காங்க?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“ஒருத்தரும் இல்லை. கதவுக்குப் பின்னாலை நுளம்பு ஒளிஞ்சிருந்தா எழும்பும். எழும்புதோ எண்டு பாக்கிறன்.”

“எழும்புச்சா?”

“எழும்பேல்லை. அதுதான் சந்தேகமாய்க் கிடக்குது.”

இவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டவரை நாங்கள் மட்டும் நம்புவோமா? ஊசியால் விரலைக் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுப்பார். பிள்ளைகளைப் படுக்கவைத்து, காய்ச்சலில் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்ப்பார். கிள்ளான் ஆற்றுப் பாலம் நிற்பதற்கு ரத்தம் கேட்கிறதாம், துரைமார் இவரை வைத்துச் சேர்க்கிறார்களாம் என்று ஒரு பேச்சு. ‘ஒரு சொட்டு ரத்தத்தில் பாலம் எப்படி நிற்கும்?’ என்று நான் கேட்டேன். ‘அதனால்தான் லயம் லயமாகப் போகிறார்,’ என்று பதில் வந்தது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அவர் சந்தேகப்படாத ஆள் லயத்தில் ஒரே ஒருத்திதான். என் மரகதம். குவளையை வாங்குவாள், தலையைச் சாய்த்துக் குடிப்பாள், கோயில் மணி அடித்ததுபோல ‘வாழைப்பழம்’ என்பாள். “இதுதான் வடிவான உச்சரிப்பு. தங்கச்சி, நீங்கள் போங்கோ,” என்பார். வாயைத் திறக்கக்கூடச் சொல்லமாட்டார். எனக்குப் பெருமையாக இருக்கும். அவள் கல்யாணமாகி வந்த மறுவருஷம் காய்ச்சலில் விழுந்து, ஐந்தாம் மாசத்தில் வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். அவளாவது ஒழுங்காக மருந்து குடிக்கிறாளே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

சாக்கடை, தேங்காய்ச் சிரட்டை, உடைந்த சட்டி என்று அவர் தினமும் ஒரு குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததில் மண்டோர் சுப்பையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மண்டோர் என்றால் ரயில் பாதைக் கூலிகளுக்கு மேஸ்திரி. “அந்த மனுசன் வாயை அடைக்கணும். ஒரு எடத்துல அழுக்கு இருக்கக் கூடாது, வாங்கடா,” என்றார். ஞாயிற்றுக்கிழமை லயமே இறங்கியது. லயத்துக்குப் பின்னால் ஒரு சிறு குன்று, அதன் காலடியில் புதரும் பெரணியும் மூடிக் கிடந்த ஒரு சுனை. இருட்டாக, இலை மக்கி, எட்டிப் பார்க்கவே பிடிக்காது. புதரை எல்லாம் வெட்டி எறிந்தோம். மணல் கொட்டினோம். தண்ணீர் பளிங்குபோல வெயிலில் மினுங்கிக்கொண்டு ஓடியது. அதோடு விட்டேனா? ரயில் பெட்டிக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைச் சாயத்தைக் கொண்டுவந்து இரண்டு கரைக் கற்களுக்கும் பூசினேன். துரை பங்களா தோட்டம் தோற்றது.

டிரெஸ்ஸர் மறுநாள் வந்து பார்த்தார். நாங்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றோம்.

“ஆர் இதை வெட்டினது?”

“எல்லாரும் சேந்துதாங்க,” என்றார் மண்டோர்.

“கல்லுக்கு வெள்ளை அடிச்சது?”

“அடியேன்,” என்றேன்.

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

“இவ்வளவு வடிவாய்க் கிடக்குது,” என்றார். “எனக்குச் சந்தேகமாய்க் கிடக்குது.”

என் வாழ்க்கையில் என் சாயவேலையை இப்படி ஒருவரும் அவமானப்படுத்தியதில்லை.

அதற்குப் பிறகு அவர் தினமும் சுனைக்குப் போனார். கையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். தண்ணீரோரம் குந்தி உட்காருவார், குப்பியை அமிழ்த்துவார், தூக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். இப்படியே சில வாரம் போனது. லயத்தில் காய்ச்சல் ஏறியது. முன்னெல்லாம் ஒரு அறை விட்டு ஒரு அறை என்றிருந்தது, அறை தவறாமல் வர ஆரம்பித்தது.

“நல்லாக் கவனிச்சீங்களா?” என்றார் மண்டோர் குரலைத் தாழ்த்தி. “நாம சுத்தம் பண்ணோம். அவரு குப்பியோட வந்தாரு. காய்ச்சல் கூடிருச்சு. அந்தத் தண்ணியில அவரு எடுக்கறாரா, விடுறாரா?”

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மையை அறிய வேண்டும் என்ற தாகத்தால்தான் ஒரு மத்தியானம் அவர் அறை ஜன்னலருகே போனேன். எட்டிப் பார்க்கும் பழக்கத்தால் என்று மரகதம் சொல்வாள். உள்ளே கண்டதை இன்றைக்கும் மறக்க முடியாது. கட்டிலில் கொசுவலை கட்டியிருந்தது. வலைக்கு வெளியே நாற்காலியில் மனிதர் உட்கார்ந்திருந்தார். வலைக்கு உள்ளே கொசு! உலகமெல்லாம் கொசுவுக்குப் பயந்து மனிதன் வலைக்குள் படுக்கிறான். இங்கே கொசுவை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டு மனிதர் வெளியே காவல் இருக்கிறார். அதுமட்டுமா, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை வலைக்குள் விட்டு, கொசு குடிப்பதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாய் பால் கொடுப்பதுபோல.

திரும்பாமலே சொன்னார்: “வெளியிலை நிண்டு பாக்காமல் உள்ளுக்கு வாரும், பெயின்டர்.”

உள்ளுக்குப் போகவில்லை. பட்டறை வரைக்கும் ஓடினேன். சாயங்காலத்துக்குள் விஷயம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. நான் சொன்னபோது கொசு கொசுவாகத்தான் இருந்தது. காக்கா கடையைச் சுற்றி என் காதுக்கே திரும்பி வந்தபோது புறா அளவு ஆகியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தால் மரகதம் சுருண்டு கிடந்தாள். ஏழாம் மாசம். இருந்த துணியை எல்லாம் மேலே போட்டும் கட்டில் கடகடவென்று ஆடியது.

“நீதான் ஒழுங்கா கொயினா குடிக்கிறியே, உனக்கு எப்படி வந்துச்சு?” என்றேன்.

குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்த நிலையிலும் கூரை இடுக்கைக் காட்டினாள். அங்கே ஒரு துணிப்பை. உள்ளே காய்ந்து போன பஞ்சு உருண்டைகள். கன்னத்தோரம் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். கொயினாவை எல்லாம் பஞ்சு குடித்திருக்கிறது. நாக்கு சும்மா இருந்தபடியால் வாழைப்பழம் மணியாக விழுந்திருக்கிறது.

“போன தடவை அதைக் குடிச்சுத்தான் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க,” என்றாள். “இதையும் நான் தர மாட்டேன்.”

அந்த ராத்திரி எப்படிப் போனதென்று எழுத எனக்குத் தெம்பில்லை. கோமாளி எழுதுகிற கதையிலும் சில பக்கம் வெள்ளையாகத்தான் கிடக்கும்.

விடிந்ததும் முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். வரிசையாக இல்லை, கூட்டமாக. டிரெஸ்ஸர் குவளையோடு வந்தார். மண்டோர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

“இன்னிக்கு யாரும் குடிக்கப் போறதில்ல.”

“ஏன் எண்டு கேக்கலாமோ?”

“சுனையில நீங்க எடுக்கறீங்களா, விடுறீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல.”

“எடுக்கிறன்.”

“எடுத்து?”

“வளர்க்கிறன்.”

“பெயின்டர் சொன்னது நெசந்தான்லா!” என்று கூட்டம் கூவியது. நான் மண்டோர் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் ஒல்லியானேன்.

“பெயின்டர் பாதிதான் பாத்தவர்,” என்றார் டிரெஸ்ஸர். “புழுவாய் நெளியேக்கை அது என்ன சாதி எண்டு எனக்கு நிச்சயமாய்த் தெரியாது. இறக்கை முளைச்சாத்தான் தெரியும். வெயில் படுற தெளிஞ்ச தண்ணியிலை மட்டும் முட்டை போடுற சாதி ஒண்டு இருக்குது. நீங்கள் புதரை வெட்டி வெயிலை உள்ளுக்கு விட்டிட்டியள். அந்தச் சாதிதான் வந்திட்டுதோ எண்டு பாக்கிறன்.”

“அப்ப நாங்க சுத்தம் பண்ணதாலதான் காய்ச்சலா?” மண்டோர் சிரித்தார். “அழுக்கா இருந்தா திட்டுறீங்க, சுத்தமா இருந்தாலும் திட்டுறீங்க. யாருங்க இதை நம்புவா?”

அப்போது மரகதம் வெளியே வந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு. காய்ச்சல் விட்ட நேரம். சாயங்காலம் திரும்ப வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“அண்ணே,” என்றாள். “போன வருஷம் காய்ச்சல்ல உங்க கொயினாவைக் குடிச்சேன். பிள்ளை போயிருச்சு. எது கொண்டுபோச்சு, சொல்லுங்க. காய்ச்சலா, கொயினாவா?”

“காய்ச்சல்தான், தங்கச்சி.”

“நான் எப்படி நம்புறது?”

“நம்பச் சொல்லி நான் கேக்கேல்லை. நானும் ஆரையும் நம்புறதில்லை. இந்த லயத்திலை உங்களை மட்டும்தான்…”

அவர் முடிப்பதற்குள் மரகதம் துணிப்பையை நீட்டினாள். அவர் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தார். முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். அந்தக் கசப்பு அவருக்குத் தெரியாததா?

“வாழைப்பழம் எவ்வளவு வடிவாய்ச் சொன்னீங்கள்,” என்றார். அவ்வளவுதான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கூட.

“இப்ப நீங்க குடிங்க அண்ணே,” என்றாள் மரகதம். “என் கண்ணு முன்னால. அப்புறம் நான் குடிக்கிறேன்.”

டிரெஸ்ஸர் குவளையை வாய்வரை கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். கை இறங்கியது.

“பாத்தீங்களா!” மண்டோர் துள்ளினார். “அவரே குடிக்க மாட்டேங்கறாரு! வெசம்லா அது!”

கூட்டம் நெருங்கியது. டிரெஸ்ஸர் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கடுகு வைக்க இடமில்லாமல் கொசுக்கடித் தடிப்பு.

“என்ரை உடம்பிலையும் குளிர்காய்ச்சல் கிடக்குது,” என்றார். “வந்து கொஞ்ச நாளாச்சு. நான் கொயினா குடிக்கேல்லை. வேணுமெண்டுதான் குடிக்கேல்லை. காய்ச்சல் உள்ள ரத்தத்தை அந்தச் சுனை நுளம்பு குடிச்சா, அதின்ரை வயித்திலை காய்ச்சல் பிடிக்குதோ எண்டு பாக்க வேணும். ஆராய்ச்சிக்கூடத்திலை கேட்டாங்கள். ஆரின்ரை ரத்தத்தைக் குடுக்கிறது? இங்கை ஆரைக் கேட்டாலும் பாலத்துக்குக் கொண்டுபோறன் எண்டுவீங்கள்.”

நாங்கள் சந்தேகப்பட்டது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் லயத்தில் காய்ச்சலை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் உண்மையாகவே இருந்திருக்கிறார். வளர்த்த இடம் அவருடைய சொந்த உடம்பு.

“ராவிலை அந்த நுளம்பை எல்லாம் பிடிச்சுக் குப்பியிலை அடைச்சிட்டு வலைக்குள்ளைதான் படுக்கிறன். வேறை நுளம்பு கடிச்சு உங்களிட்டைக் கொண்டு வரக் கூடாது எண்டு,” என்று சேர்த்துக்கொண்டார். “இதைக் குடிச்சா ரத்தத்திலை உள்ளது போயிடும். செய்த வேலை எல்லாம் திரும்ப முதலிலை இருந்து. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா, அந்தத் தண்ணிதான் எண்டு நிரூபிச்சிடுவன்.”

“எனக்குக் கொஞ்ச நாள் இல்லீங்கண்ணே,” என்றாள் மரகதம். “சாயங்காலம் மறுபடியும் வரும்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். குவளையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

மரகதம் நகரவில்லை. “வாயைத் திறங்க.”

திறந்தார்.

“நாக்கைத் தூக்குங்க.”

தூக்கினார்.

“கன்னத்தை இழுத்துக் காட்டுங்க. ரெண்டு பக்கமும்.” தொழில் தெரிந்தவள் கேட்கிற கேள்வி.

சுகாதார இலாகா டிரெஸ்ஸர், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டோடு, லயத்து ஜனங்கள் அத்தனை பேருக்கும் நடுவில், இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றார்.

“சொல்லுங்க பாப்போம்.”

“வாழைப்பழம்,” என்றார். அவருக்கு அது அவ்வளவு வடிவாக வரவில்லை.

மரகதம் கையை நீட்டினாள். குவளையை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். தொண்டை இறங்கியதை நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். முடிந்தது என்று கூட்டம் மூச்சு விட்டது. டிரெஸ்ஸர் மட்டும் விடவில்லை. ஒரு அடி முன்னால் வந்து குனிந்தார்.

“தங்கச்சி, வாயைத் திறவும்.”

ஒரு வருஷமாகச் சிரிக்காதவள் சிரித்தாள். சிரித்தால் வாய் திறக்கத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு வரிசை தானாக வந்தது. மண்டோர் சுப்பையா முதலில் குடித்தார்; அவர் சொன்ன வாழைப்பழம் ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும்.

சுனை விஷயமாக டிரெஸ்ஸர் துரையிடம் போனபோது மண்டோரையும் கூட்டிக்கொண்டு போனார். “என்னட்டை ஆதாரம் இல்லை, சந்தேகம் மட்டும்தான் இருக்குது,” என்று சொன்னாராம். துரை அவரை வெகுநாளாக அறிந்தவர் போலிருக்கிறது. அது போதும் என்றாராம். சுனையின் மேலே முதலில் எண்ணெய் தெளித்தார்கள்; பிறகு மண்குழாய் பதித்துத் தண்ணீரைப் பூமிக்கடியில் ஓடவிட்டு மூடினார்கள். நான் வெள்ளையடித்த கற்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. பிரிக்பீல்ட்ஸில் நிலத்துக்கு அடியில் சாயவேலை செய்த ஒரே பெயின்டர் நான்தான்.

காய்ச்சல் அப்படியே நின்றுவிடவில்லை. ஆனால் குறைந்தது. மரகதத்துக்கு இன்னும் ஒருமுறை வந்தது, பிறகு வரவில்லை. இருந்தாலும் பிரசவம் வரைக்கும் அந்த இரண்டு மாசமும் எனக்கு ஒருவர்மேலும் நம்பிக்கை இல்லை. மருந்துமேல் இல்லை, சாமிமேல் இல்லை, மருத்துவச்சிமேல் இல்லை. டிரெஸ்ஸருடைய வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டபோதுகூட, அடுத்த அறைக் குழந்தையாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அதற்குள் அவரைக் கிள்ளானுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வேறு லயம், வேறு தண்ணீர், வேறு வாழைப்பழம். பெண் குழந்தைக்கு முகம் பார்க்கத் தெரிந்த பருவத்தில் ஒருநாள் ரயிலேறி வந்தார். கதவு திறந்திருந்தும் தட்டினார். காப்பி கொடுத்தோம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குடித்தார். குழந்தையைப் பாயில் படுக்கவைக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே விரலால் மெதுவாக அழுத்தினார். நெற்றியைத் தொட்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அது பொக்கை வாயைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. கேட்காமலே வாயைத் திறந்த முதல் ஆள் அதுதான்.

“இவ்வளவு வடிவாய் இருக்கிறாள்,” என்றார்.

நானும் மரகதமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுனைக்கரையில் சொன்னதுபோல அவருடைய அடுத்த வாக்கியம் என்னவென்று எங்களுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.